தொண்டுக்குச் சம்பளம் இல்லை, செலவு உண்டு

ஜொகூரின் செனாயில் பெற்றோர் பலர் விடியுமுன்னே தொழிற்சாலைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை பாடம் வாசித்தால் உட்கார்ந்து கேட்க ஆளில்லை. ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளுக்கோ பகல் முழுக்க நேரம் இருக்கிறது. இவர்களைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைப்பது நல்ல யோசனை. ஆனால் ‘தொண்டுதானே, செலவே இல்லை’ என்று தொடங்கினால், அந்தச் செலவு சத்தமில்லாமல் அவர்கள் தலையில்தான் விழும். அமெரிக்காவின் பால்டிமோர் பள்ளிகளில் 1990களில் தொடங்கிய ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ திட்டத்தில், 60 வயது கடந்தவர்கள் வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளுக்கு உதவினார்கள். அவர்கள் கைக்காசு கரையாமலிருக்க மாதந்தோறும் சிறு படி கொடுக்கப்பட்டது. நாமும் அப்படித்தான் கணக்குப் போட வேண்டும்.

செய்ய வேண்டியவை

• பயணப்படியை முதல் வரியில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, 10 பேர், வாரம் 2 நாள், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 800 வருகை. ஒரு வருகைக்குப் பயணம் 10 ரிங்கிட், பசியாற 5 ரிங்கிட் என்று வைத்தால் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட். ஒருவர் 3 பிள்ளைகளைக் கவனித்தால், பிள்ளைக்கு 400 ரிங்கிட். நன்கொடையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

• ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கு மாதப்படி ஒதுக்குங்கள். யார் எந்த வகுப்புக்கு, இன்று யாருக்கு முடியவில்லை என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால், அந்த வேலை ஏற்கெனவே சுமை தாங்கும் ஆசிரியர் மேல் ஏறும்.

• குழு விபத்துக் காப்புறுதி எடுங்கள். தொழிலாளருக்கான சொக்சோ காப்பு தொண்டு செய்பவருக்குத் தானாக வராது. வாங்கும்முன் வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். 70 வயதுப் பாட்டி வழுக்கி விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

• பிள்ளைகளுக்கு எதிரான குற்றவாளிகளின் பதிவேடு 2019 முதல் சமூக நல இலாகாவிடம் உள்ளது. புதிதாக வரும் ஒவ்வொருவரையும் அதில் சரிபாருங்கள். தெரிந்தவர், கோயில் குழுவில் இருப்பவர் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம்.

• பெரியவர் உட்காரும் உயரத்தில் நாற்காலி வாங்குங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்த பாட்டி, மறுவாரம் மூட்டுவலி என்று வரமாட்டார். கூடவே மேசையில் இரண்டு மூன்று வாசிப்புக் கண்ணாடிகளும் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• ‘ரசீது இருக்கா?’ என்று கேட்டு அலைக்கழிக்காதீர்கள். மகன் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்டால் எண்ணெய்க்கு ஏது ரசீது? வருகைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, மாதக் கடைசியில் அவர் கேட்காமலே கையில் கொடுங்கள். ஊழியர் சேமநிதிப் பணம் தீர்ந்துபோன பெரியவர், கேட்கக் கூச்சப்பட்டே நின்றுவிடுவார்.

• ஆசிரியர் இல்லாத வகுப்பை அவர்களிடம் விட்டுப் போகாதீர்கள். அவர்கள் வாசிப்பைக் கேட்பவர்கள், கதை சொல்பவர்கள். ஆள் பற்றாக்குறைக்கு மலிவான மருந்தல்ல.

• எழுதப் படிக்கத் தெரியாதவரைத் தவிர்க்காதீர்கள். தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லவும், பிள்ளை தயங்காமல் பேசும்படி கேள்வி கேட்கவும் அவரால் முடியும். அதற்குப் பயிற்சி நாள் ஒன்று வையுங்கள். அதுவும் செலவுதான், வீண்செலவல்ல.

• பொன்னாடைக்கும் பதாகைக்கும் முதலில் பணம் ஒதுக்காதீர்கள். விழா மிச்சப் பணத்தில் நடக்கட்டும்.

• ஒரே நன்கொடையாளரை நம்பித் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால், பழகிய பிள்ளைக்கும் வருத்தம், பெரியவருக்கும் அவமானம். ஓராண்டுப் பணம் கையில் சேரும்வரை 10 பேருக்குப் பதில் 4 பேரோடு நடத்துங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இந்தச் செலவுகளை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் தங்கள் நேரத்தைத் தருகிறார்கள். பேருந்துக் காசையும் அவர்களிடமே கேட்பது நியாயமில்லை.