சொந்தக் காலில் நிற்றல்

தன் வாழ்வுக்கு வேண்டிய முடிவுகளைத் தானே எடுத்து, தன் உழைப்பால் வாழ்பவனைச் சொந்தக் காலில் நிற்பவன் என்று உலகம் போற்றுகிறது. கால்கள் நடவாத ஒருவரும் இப்பொருளில் சொந்தக் காலில் நிற்றல் கூடும். தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடி என்னும் ஊர் அதற்குச் சான்று பகர்கின்றது.

அவ்வூரினர் இராமகிருஷ்ணன். பொறியியல் பயின்றுகொண்டிருந்த அவர், கடற்படை அதிகாரியாக விரும்பினார். 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அதற்கான தேர்வுக்குப் பெங்களூர் சென்றார். உடல் திறனைச் சோதிக்கும் பயிற்சியில் தவறி விழுந்தார், தண்டுவடம் அடிபட்டது, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கல்வி முடிந்து தொழிலும் பொறுப்பும் தொடங்க வேண்டிய பருவத்தில் நேர்ந்த பேரிடர் அது.

அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஒருவர் அமர்ஜித் சிங் சாகல். அவரது பெயரால் இராமகிருஷ்ணன் தம் ஊரில் 'அமர் சேவா சங்கம்' கண்டார். உடற்குறையுற்றோருக்குரிய ஆண்டாக உலக நாடுகள் கொண்டாடிய 1981ஆம் ஆண்டிலேயே அது தோன்றியது. சிறு பள்ளியாகத் தொடங்கிய அந்நிலையம், பின்னர் மருத்துவப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் பெருநிலையமாக வளர்ந்தது. தசைச்சிதைவு நோயுற்றுச் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் 1992இல் அப்பணியில் இணைந்தார். 2020ஆம் ஆண்டில் இராமகிருஷ்ணனுக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

பள்ளியோடு தொழிற்பயிற்சியும் வேண்டுவது ஏன்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் குறிக்கும் அளவு குறைபாடுடைய சிறுவர்க்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. பதினெட்டில் அவ்வுரிமை முடிகின்றது. பள்ளியின் கதவு மூடும் வேளையில் தொழிலின் கதவு திறவாதாயின், அவ்விளைஞர் மீண்டும் வீட்டின் மூலைக்கே திரும்ப நேரிடும். பல ஆண்டுகள் பெற்ற கல்வி பயனற்றுப் போகும்.

ஆதலின், அதற்கான ஆயத்தம் பதினெட்டுக்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்குதல் வேண்டும். பணத்தை எண்ணிச் செலவிடுதல், பேருந்தில் பயணம் செய்தல், தமக்குரிய மருந்தை அறிந்து உண்ணுதல், தம் விருப்பத்தைத் தயங்காது கூறுதல் ஆகியவற்றை இயன்ற அளவில் பழக்குதல் வேண்டும். பெற்றோர் அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவர். பயிர் காக்க இட்ட வேலி அதன் வளர்ச்சியைத் தடுப்பதுபோல, அவ்வன்பே சில வேளைகளில் தடையாகிவிடும்.

வாழ்நாள் முழுவதும் பிறர் துணை வேண்டுவோரும் உளர். இராமகிருஷ்ணனும் பிறர் துணையோடு இயங்கியவரே. ஆயினும் என்ன செய்வது என்று முடிவு செய்தவர் அவரே அன்றோ! உண்ணும் உணவிலும், உடுக்கும் உடையிலும், பழகும் நண்பரிலும் தம் விருப்பத்தைத் தெரிவிக்கும் உரிமை அனைவர்க்கும் உண்டு. உடன் வந்தவரிடம் கேட்பதை விடுத்து, "உங்கள் விருப்பம் யாது?" என்று அவரிடமே கேட்பதுதான் மதிப்பு.

முன்கூறிய சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசின் உதவி பெறுவனவற்றிலும் குறைந்தது 5 விழுக்காடும், அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காடும் இவர்களுக்கு ஒதுக்கியுள்ளது. ஆயினும், வாயிலில் சாய்தளம் இல்லாத கட்டடத்தில் ஒதுக்கிய இடத்தால் சக்கர நாற்காலியில் வருபவர்க்குப் பயன் யாது? பார்வையற்றவர்க்குப் பிரெயில் நூலும், செவித்திறன் அற்றவர்க்குச் சைகை மொழியும் கிடைத்தாலன்றி அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

இன்று வகுப்பில் அருகருகே அமர்ந்து பயிலும் மாணவர்களே நாளை அலுவலகங்களை நடத்துவர், கட்டடங்களை எழுப்புவர், வேலைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பர். இரக்கத்தோடு நின்றுவிடாமல் தோழமையோடு பழகக் கற்ற மாணவர், தாம் எழுப்பும் கட்டடத்தில் சாய்தளம் அமைக்க மறவார். உடன் பயின்றவர் சொந்தக் காலில் நிற்க, அவரே நிலமாக அமைவார்.