ராக்கெட் பத்திரமாகத் தரையிறங்க: பாராசூட் வெளியேற்றும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உயர்திறன் மாதிரி ராக்கெட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரை முதலில் முடிவு செய்துவிட்டு, பாராசூட்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். பல கிலோ எடையுள்ள ராக்கெட் பாராசூட் விரியாமல் மூக்கு குத்தி விழுந்தால் ஆளைக் கொல்லும். இறங்கும் வழியை உறுதி செய்த பிறகே ஏறும் வழியைத் தேட வேண்டும்.

அமெரிக்காவில் தேசிய ராக்கெட்ரி சங்கமும் ட்ரிப்போலி சங்கமும் உயர்திறன் ராக்கெட் ஏவ மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகின்றன. எச், ஐ வகை மோட்டார்களுக்கு முதல் நிலை. ஜே, கே, எல் வகைகளுக்கு இரண்டாம் நிலை. எம் முதல் மேலே எல்லாவற்றுக்கும் மூன்றாம் நிலை. உங்கள் நிலை, பறக்கும் உயரம், மைதானத்தின் அகலம் ஆகிய மூன்றையும் வைத்தே கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோட்டாரே வெளியேற்றும் முறை

எரிபொருள் தீர்ந்ததும் மோட்டாருக்குள் ஒரு தாமதக் கட்டி மெதுவாக எரியும். அது முடியும்போது கருமருந்து பற்றி, அழுத்தத்தில் பாராசூட்டை வெளியே தள்ளும். மின்னணுக் கருவி தேவையில்லை, செலவும் குறைவு. முதல் நிலைச் சான்றிதழுக்கு இதுவே போதும்.

ஆனால் தாமத நேரத்தை ஏவும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். காற்றில் ராக்கெட் சாய்ந்தால் உச்சியை எட்டும் நேரம் மாறும். நேராக ஏறிய ராக்கெட்டிலும் பாராசூட் இரண்டு நொடி பிந்தினால், அதற்குள் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டராகியிருக்கும். அந்த இழுப்பில் கயிறு உடற்குழாயைக் கிழித்துவிடலாம்.

ஆல்டிமீட்டர் வழி இரட்டை வெளியேற்றம்

இதில் உயரத்தை அளக்கும் ஆல்டிமீட்டரின் கட்டளைப்படி உச்சியில் ட்ரோக் எனும் சிறிய பாராசூட் வெளிவரும். தரைக்கு 150 முதல் 300 மீட்டர் உயரத்தில் பெரியது விரியும். இதன் பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் பெரிய பாராசூட் விரிந்து, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 300 நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால் ராக்கெட் 1,500 மீட்டர் தள்ளிப் போய்விடும். ட்ரோக்கில் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 200 மீட்டர் உயரம்வரை இறங்கி, பிறகு பெரியது விரிந்தால் மொத்தம் 92 நொடிதான்; விலகலும் ஏறக்குறைய 460 மீட்டர். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனம் போலப் பரந்த வெளி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மைதானம் சிறியதென்றால் இந்த முறைதான் சரி.

எந்த உணரி?

ஆல்டிமீட்டரில் காற்றழுத்த உணரி இருந்தால் பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். ஒலிவேகத்தைக் கடக்கும்போது அழுத்தம் தாறுமாறாக மாறுவதால், அந்த நேரத்து அளவீட்டைப் புறக்கணிக்கத் தெரிந்த கருவியாகப் பார்த்து வாங்குங்கள். முடுக்க உணரியை இந்த அழுத்தத் தாவல் ஏமாற்றாது; ஆனால் ராக்கெட் சாய்ந்து பறந்தால் உச்சியை அது தவறாகக் கணிக்கும். மிக வேகமான ராக்கெட்டுகளுக்கு இரண்டும் சேர்ந்த கருவி நல்லது.

கருமருந்தா, கார்பன் டை ஆக்சைடா?

கருமருந்து எளியது, நம்பகமானது. 6,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் அது முழுதாக எரியாமல் போகும் ஆபத்து உண்டு. அவ்வளவு உயரம் போகிறவர்கள் கார்பன் டை ஆக்சைடு குப்பியைத் துளைத்து அழுத்தம் தரும் அமைப்பை நாடலாம். விலையும் எடையும் கூடும். தாழ்வாகப் பறப்பவருக்கு அது தேவையில்லை.

மின்னணு அறையை அமைக்கும்போது

ஆல்டிமீட்டர் இருக்கும் இந்த அறையின் சுவரில் காற்றழுத்தத் துளைகள் மூன்றைச் சம இடைவெளியில் இடுங்கள். அவற்றின் மேலே காற்றோட்டத்தைக் கலைக்கும் புடைப்பு எதுவும் கூடாது. அறையின் இரு முனைத் தடுப்புகளையும் நன்றாக அடையுங்கள். வெடிப்பு வாயு உள்ளே கசிந்தால் ஆல்டிமீட்டர் உயரத்தைத் தவறாகப் படிக்கும். ஏவும் வேகத்தில் நழுவாதபடி பேட்டரியை இறுகக் கட்டுங்கள். ட்ரோக் விரியும் அதிர்ச்சியில் பெரிய பாராசூட்டின் அறை திறந்துவிடாமலிருக்க, நைலான் திருகுகள் அதைப் பிடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நிலையில் இரண்டு ஆல்டிமீட்டர்கள் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி, தனி சுவிட்ச், தனி கருமருந்துக் குடுவை கொடுங்கள். இரண்டாவதை ஒரு நொடி பிந்தி இயங்க வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்தால் குழாயே உடையலாம்.

முடிவாக

முதல் நிலை, தாழ்ந்த உயரம், பெரிய மைதானம் என்றால் மோட்டார் முறை. ஆயிரம் மீட்டரைத் தாண்டினாலோ மைதானம் குறுகலானாலோ இரட்டை வெளியேற்றம். விழுந்தால் பெரும் சேதம் தரும் எடை என்றால், எந்த நிலையானாலும் இரண்டு ஆல்டிமீட்டர்.

ஆல்டிமீட்டரை நம்பும் எல்லாருக்கும் பொதுவான கடமைகள் இரண்டு. பாராசூட்டைப் பறக்கும் நாளில் மடிப்பதுபோலவே மடித்து வைத்து, எல்லாரையும் விலக்கிவிட்டு, தொலைவிலிருந்து தரையிலேயே வெடித்துச் சோதியுங்கள். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். ஏவுநாளில் ராக்கெட்டைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்திய பிறகே ஆல்டிமீட்டரை இயக்குங்கள்; அதன் பீப் ஒலி சரியாகக் கேட்ட பின்தான் மோட்டாருக்குப் பற்றவைப்பான் பொருத்துங்கள். ஒலியில் ஐயம் இருந்தால் அன்று ஏவ வேண்டாம்.