மல்லாட்டை பிடுங்கும் பக்குவம்



முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் இருந்துவிட்டுத் திண்டிவனம் பக்கம் நிலத்துக்கு வந்தவன் நான். பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை என்று பழகிப்போன ஆள்.

முதல் மார்கழிப்பட்டத்தில் டி.எம்.வி. 2 மல்லாட்டை போட்டேன். 105-ம் நாள் அறுவடை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 97-ம் நாள், வேலைக்கு வந்த ஆயா ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தார். “சார், ஓட்டுக்குள்ள கறுத்துப்போச்சு, எடுத்துடலாம்” என்றார். “இன்னும் எட்டு நாள் இருக்கு ஆயா” என்றேன். நாலாம் நாள் கோடை மழை. கால்வாசிக் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது.

டி.எம்.வி. 2 கொத்து ரகம். விதை உறக்கம் கிடையாது. முற்றிய காயில் ஈரம் பட்டால் முளைக்கும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட இந்த ரகமே, குடியாத்தம் கொத்து மல்லாட்டையில் நல்ல செடிகளாகப் பொறுக்கி எடுத்துத்தான் உருவானது. நோட்டில் உள்ள நாள் வெறும் சராசரி. வெயில், தண்ணீர், மண்ணைப் பொறுத்து அது மாறும்.

வங்கியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் கிணற்றை எட்டிப் பார்த்து, வரப்பில் நடந்த பிறகுதான் மேலாளர் பயிர்க்கடனுக்குக் கையெழுத்துப் போடுவார். பின்னால் கணினிப் படிவம் வந்தது. வேலை வேகமானது, ஆள் பார்த்துக் கொடுப்பதும் குறைந்தது, நல்லதுதான். ஆனால் நிலத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆட்கள் குறைந்துபோனார்கள். பழகாத திறமை தங்காது.

நாம் பழக வேண்டியது:

1. 90-ம் நாளிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, வயலின் பல இடங்களில் பத்துச் செடி பிடுங்குங்கள்.

2. காயை உடைத்து ஓட்டின் உள்பக்கம் பாருங்கள். வெள்ளை என்றால் பிஞ்சு. பழுப்போ கறுப்போ ஏறினால் முற்றல். நாலில் மூன்று பங்கு முற்றியிருந்தால் பிடுங்கலாம்.

3. அனுபவப்பட்டவரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

பி.ஜி.எஸ். குழுவில் ஒருவர் வயலை ஒருவர் பார்க்கிறோம். படிவத்தில் டிக் போட்டுவிட்டுத் திரும்பினால் நாமும் வங்கி மாதிரிதான். செடியைப் பிடுங்கிப் பேசுங்கள்.

இப்போது என் வயலில் பிடுங்கும் நாளை ஆயாதான் சொல்கிறார். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறேன். கூலி நோட்டில் அதற்கென்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.