வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்காதா?

“வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்காது. விரிசல் விட்ட பிளாக்கை எடைக்குப் போட வேண்டியதுதான்.” லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி, மீன்பிடி விசைப்படகு என்று எந்த எஞ்சின் வந்தாலும் பட்டறைக்குப் பட்டறை இதே தீர்ப்பைச் சொல்கிறார்கள். வெல்டிங் தொழிலில் இருப்பவர்களே சொல்வதால் வண்டிக்காரரும் நம்பிவிடுகிறார். நல்ல பிளாக் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், மாற்று பிளாக் வாங்கிய செலவோடு ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிய அலைவதும் அவர் தலையில் விழுகிறது. இத்தனைக்கும் காரணமான அந்தத் தீர்ப்பு தவறு. அவசரமாகப் போட்ட வெல்டிங் நிற்காது என்பது உண்மை. அந்தப் பழியை உலோகத்தின் மேல் போடுவதை ஏற்க முடியாது.

உலோகம் என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மைல்டு ஸ்டீலில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. பிளாக் வார்க்கும் சாம்பல் வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும். அதிர்வைத் தாங்குவதும் லேத்தில் சுலபமாகக் கடைய வருவதும் அந்தச் செதில்களால்தான். இதை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் கார்பன் செதிலாகப் பிரிய நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து கார்பைடாகிவிடும். அந்த இடத்தில் அரமும் ஏறாது, டிரில்லும் இறங்காது. அடுத்த சிக்கல் சுருக்கம். அரை மீட்டர் நீளமுள்ள பிளாக் 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மொத்தமும் சேர்ந்து நீண்டு, சேர்ந்து சுருங்கினால் கேடில்லை. ஓரிடம் மட்டும் பழுத்து, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டால், ஆறும்போது இழுபறிதான். உடைவதற்கு முன் மைல்டு ஸ்டீல் 20 சதவீதத்துக்கு மேல் நீண்டு கொடுக்கும். சாம்பல் வார்ப்பிரும்பு ஒரு சதவீதம்கூடக் கொடுக்காமல் விரிசல் விட்டுவிடும். எனவே சூட்டை இரண்டு விதமாக ஆளலாம். பிளாக் முழுவதையும் 500 முதல் 650 டிகிரி வரை சீராகச் சூடேற்றி, வார்ப்பிரும்பு ராடு கொண்டே கேஸ் வெல்டிங் செய்து, சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுவது ஒன்று. சூடே ஏறவிடாமல் நிக்கல் ராடால் ஓர் அங்குல அளவுக்குப் போட்டு, உடனே சுத்தியலால் மெதுவாகத் தட்டி இழுவையைத் தளர்த்தி, கை வைக்கும் சூட்டுக்கு வந்தபிறகே அடுத்ததைத் தொடங்குவது மற்றொன்று. நிக்கல் எளிதில் கார்பைடாகாது. அதனால் நிரப்பிய இடத்தைக் கடைய முடியும். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் சூடு காட்டிவிட்டு மைல்டு ஸ்டீல் ராடால் ஒரே மூச்சில் இழுத்து, அவசரத்துக்குத் தண்ணீரும் ஊற்றுகிறார்களே, அந்த வேலைதான் நிற்பதில்லை.

“வெல்டிங் அப்படியே இருக்கிறது, பக்கத்தில்தானே விரிந்தது?” என்று சிலர் மடக்குவார்கள். சூட்டைக் கவனிக்காததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கடினமான கார்பைடும் இழுவையும் சேரும் இடம் வெல்டிங்கின் ஓரம்தான். “பெரிய எஞ்சினுக்கு ஒத்துவராது” என்பவர்கள் 1917-ஐப் பார்க்கட்டும். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கும் முன் அதன் துறைமுகங்களில் ஒதுங்கியிருந்த ஜெர்மன் கப்பல்களின் ஊழியர்கள், கப்பல் எதிரிக்குப் பயன்படக்கூடாதென்று எஞ்சின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்துவைத்தார்கள். ‘கோனிக் வில்ஹெல்ம் II’ கப்பலில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்தே சிலிண்டர்களைப் பிளந்தார்கள். புது சிலிண்டர் வார்க்கக் காத்திருந்தால் கப்பல்கள் நெடுநாள் முடங்கியிருக்கும். உடைந்தவற்றில் பலவற்றை மின் வெல்டிங்கால் சரிசெய்து, அந்தக் கப்பல்களிலேயே அமெரிக்கப் படைகளை பிரான்சுக்கு அனுப்பினார்கள். அது நீராவி எஞ்சின்தான், டீசல் அல்ல. ஆனால் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கவேண்டிய வார்ப்பிரும்பு அதுவும்.

எல்லா பிளாக்கையும் வெல்டிங் செய் என்று சொல்லவரவில்லை. கனெக்டிங் ராடு உடைந்து பக்கச் சுவரைப் பொத்தலாக்கியிருந்தால், வாட்டர் ஜாக்கெட் விரிந்திருந்தால், தாராளமாகச் செய்யலாம். சிலிண்டர் சுவரில் விரிசல் என்றால் போரிங் போட்டு ஸ்லீவ் இறக்குவதே முறை. சூடே ஆகாத இடத்தில், விரிசல் நெடுக ஒன்றையொன்று கவ்வும் துளைகளிட்டு மரையாணிகளால் தைக்கும் முறை இருக்கிறது. கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் சுவர் உடைந்து இடம் நகர்ந்திருந்தால் அந்த பிளாக்கை விட்டுவிடுங்கள். எதுவானாலும் விரிசலின் இரு முனைகளையும் டை ஊற்றிக் கண்டுபிடித்துத் துளை போட்டுத் தடுத்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு விரிசல் முடிவதில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக நேரம் தேவையில்லை. ரேடியேட்டரில் கொட்டும் மஞ்சள் பொடி சிறு கசிவை அடைக்கலாம், பிளாக் விரிசலை அடைக்காது. நீர்ப் பாதையைத்தான் அடைக்கும். எபாக்சி பசை வெளிச்சுவரில் ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். வெல்டிங் முடிந்ததும் எஞ்சினைப் பூட்டிவிடலாம் என்பதும் தவறு. சூடு கண்ட பிளாக் கோணியிருக்கும். ஹெட் உட்காரும் முகத்தை ஃபேஸிங் செய்து, பேரிங் துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளந்தே ஆகவேண்டும்.

வண்டிக்காரர்கள் கேட்டு வாங்கவேண்டியது ஒன்றுண்டு. நீர்ப் பாதைகளைத் தகடால் அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். எந்த ராடு, எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு நேரம் ஆறவிட்டது, சோதனையில் எவ்வளவு அழுத்தம் என்ற நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்து வாங்கத் தயங்குகிறோம். லட்சக்கணக்கில் விலையுள்ள எஞ்சினுக்கு “வெல்டிங் – 1” என்ற ஒற்றை வரி பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம். ஐ.டி.ஐ.யின் ஓராண்டு வெல்டர் படிப்பிலும் வார்ப்பிரும்புக்கு இப்போதுள்ள இடம் போதாது. லாரியும் போர்வெல் வண்டியும் நிறைந்த நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்திலாவது, பிளாக் முழுவதையும் சூடேற்றும் பொது உலை ஒன்றை வைத்து அங்கேயே இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும்.