டிக்கன்சின் ‘ஹார்டு டைம்ஸ்’ புதினத்தில் மனப்பாடக் கல்வி

இங்கிலாந்தில் 1846இல் வகுக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சித் திட்டம் வேரூன்றிவந்த காலத்தில், 1854இல் வெளிவந்தது சார்லஸ் டிக்கன்சின் ‘ஹார்டு டைம்ஸ்’. அப்புதினம் எதிர்ப்பது நினைவாற்றலையன்று. பட்டறிவிலிருந்தும் பரிவிலிருந்தும் அறிவு பிரிக்கப்படுவதையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கிராட்கிரைண்டின் பள்ளியில், குதிரைகளிடையே வளர்ந்த சிஸ்ஸி ஜூப் குதிரையை வரையறுக்க இயலாது நிற்கிறாள். பிட்ஸர் அதன் 40 பற்கள் உள்ளிட்ட விவரங்களை ஒப்பித்து ஏற்புப் பெறுகிறான். பின்னர், வங்கிப் பணத்தைத் திருடிய மகனைத் தப்பவிடுமாறு கிராட்கிரைண்ட் வேண்டும்போது, பிட்ஸர் அப்பள்ளி புகட்டிய தன்னலக் கோட்பாட்டையே மறுமொழியாக்குகிறான். அவன் பிழைபடக் கற்றவனல்லன், பிழையறக் கற்றவன். டிக்கன்சின் கண்டனம் இங்கேயே முழுமை பெறுகிறது. இறுதியில் அவனைத் தடுத்து, அம்மகன் தப்ப வழிசெய்வன சர்க்கஸ் குழுவின் நாயும் குதிரையுமே. வகுப்பறையில் அவன் வரையறுத்த விலங்கே அவன் கணக்கை மீறுகிறது.