முதல் கேமிங் கணினி: எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது?



சென்ற நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம், ஓர் அத்தாவும் மகனும் கணினிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். அத்தா ரெடிமேட் சட்டை தைப்பவர். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பாகங்களை வாங்கிப் பையன் தானே மாட்டிய கணினி அது. நான்கு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. ஒரு மாலை கரண்ட் போய்ப் போய் வந்தபோது ‘டப்’பென்று சத்தம், அதோடு நின்றுவிட்டது.

திறந்து பார்த்தபோது எஸ்.எம்.பி.எஸ். கருகிப்போயிருந்தது. போகிற போக்கில் மதர்போர்டையும் கெடுத்துவிட்டது. கண்ணாடி கேபினெட்டுக்கும் வண்ண விளக்குக்கும் தாராளமாகச் செலவு செய்தவர்கள், கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸையே போதும் என்று வைத்திருந்தார்கள்.

“இதுல மிச்சம் எது தேறும் பாய்?” என்று அந்த அத்தா கேட்டார். பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. மூன்றும் தப்பின. அவருடைய கேள்விதான் இந்தப் பாடத்துக்குக் காரணம். விடுமுறை வந்தால் இன்னும் பல வீடுகளில் பிள்ளைகள் இதே பேச்சை எடுப்பார்கள். விளையாட ஓடும் அதே கணினியில் டேலி, வரைபடம், வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் எல்லாம் ஓடும். ஆகவே வேண்டாம் என்று தள்ளுவதைவிட, சரியாக வாங்கத் தெரிந்துகொள்வது நல்லது.

அடிப்படை விதி

லேப்டாப்பை ஒரே நாளில் முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். நாமே சேர்க்கும் கணினியை இரண்டு மூன்று கட்டமாக வளர்க்கலாம். வட்டித் தவணையில் விழாமல் இருக்க இது ஒரு நல்ல வழி. ஆனால் பிறகு மாற்றச் சிரமமானவற்றை முதல் நாளே சரியாக வாங்க வேண்டும். எளிதாகச் சேர்க்கக்கூடியவை காத்திருக்கலாம்.

முதல் நாளே சரியாக இருக்க வேண்டியவை

1. பிராசசரும் மதர்போர்டும். இவை இரண்டும் ஜோடி. ஒன்றின் சாக்கெட் மற்றதற்குப் பொருந்த வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4 ராம் மட்டுமே ஏற்கும். 2022இல் வந்த ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் 12ஆம் தலைமுறைக்கு இருவகை போர்டும் உண்டு. எந்த ராம் என்பதை போர்டின் பெட்டியில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏஎம்4 விலை குறைவு. ஏஎம்5 என்றால் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் பிராசசரில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி-யில் உள்ள ‘ஜி’ கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதைக் காட்டும். கட்டம் கட்டமாக வாங்குவோருக்கு இந்த வகைதான் ஏற்றது.

2. எஸ்.எம்.பி.எஸ். கணக்கு எளிது. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் இழுக்கும். 5600ஜி பிராசசர் உச்சத்தில் 88 வாட் வரை போகும். மற்றவற்றுக்கு 60 வாட் வைத்தால் மொத்தம் சுமார் 320. அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது. கார்டு பிறகுதான் என்றாலும் 550 வாட்டை இப்போதே வாங்கிவிடுங்கள். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் வீணாகாமல் இருப்பதற்கான சான்று. அதோடு பெயர் உள்ள நிறுவனமா, எத்தனை வருட வாரண்டி என்பதையும் பாருங்கள்.

மூன்று முனை பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். நம் பக்கத்து கரண்டுக்கு ஒரு யு.பி.எஸ். இருப்பது நல்லது.

3. கேபினெட். சித்திரை வெயிலும் தெருப் புழுதியும் உள்ள ஊர் நமது. முன்பக்கம் முழுதும் கண்ணாடியாக இருந்தால் காற்று புகாது. வலை முகப்பும், கழற்றித் தட்டக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதை எடுங்கள். பின்னால் வாங்கப்போகும் கார்டின் நீளம் உள்ளே கொள்ளுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

பிறகு வளர்க்கக்கூடியவை

4. ராம். 16 ஜி.பி. போதும். 16 ஜி.பி. குச்சி ஒன்றைவிட 8 ஜி.பி. குச்சிகள் இரண்டு நல்லது. கார்டு இல்லாமல் ஓட்டும்போது இந்த வித்தியாசம் விளையாட்டில் நன்றாகவே தெரியும்.

5. எஸ்.எஸ்.டி. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜி.பி.யைத் தாண்டுகிறது. 500 ஜி.பி.யில் தொடங்கலாம், போர்டில் இரண்டாவது எம்.2 இடம் இருந்தால் பிறகு சேர்க்கலாம்.

6. கிராபிக்ஸ் கார்டு. பட்டியலில் பெரும்பாலும் விலை கூடியது இதுதான். அதனாலேயே இது கடைசியாக வரலாம். திரையைப் பார்த்துக் கார்டை முடிவு செய்யுங்கள். சாதாரண 1080பி திரைக்கு நடுத்தரக் கார்டே தாராளம். பழைய கார்டு மலிவாகக் கிடைத்தால், நம் கண்முன்னே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டு மாட்டியபின் திரையின் கேபிளை போர்டில் அல்ல, கார்டில் செருக வேண்டும். புதியவர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

வாங்கும்போது

திண்டுக்கல், மதுரை, சென்னை ரிச்சி தெரு, இணையம் என்று எங்கே வாங்கினாலும் பாகம் வாரியாக விலை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். “மொத்தமா இவ்வளவு” என்ற விலையில்தான் பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ். ஒளிந்திருக்கும். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். பெட்டிகளை வாரண்டி முடியும்வரை எறியாதீர்கள். விண்டோஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். திருட்டு நகல் போட்டால் அதோடு வைரஸும் வீட்டுக்குள் வரும். அடுத்தவர் உழைப்பை விலை தராமல் எடுப்பதும் ஆகும்.

கணினியைப் பிள்ளையின் அறையில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். பாதி வாக்குவாதம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அந்த அத்தாவும் மகனும் புதிய போர்டும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்கி, தப்பிய பாகங்களோடு சேர்த்துவிட்டார்கள். கார்டு இன்னும் வாங்கவில்லை. பையன் விடுமுறையில் அத்தாவோடு தைத்துப் பணம் சேர்க்கிறான். அதுவரை சின்ன விளையாட்டுகள் ஓடுகின்றன. கல்லூரி வேலையும் நடக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பட்டியலோடு அலுவலகத்துக்கு வாருங்கள். இரண்டு மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொருந்துகிறதா என்று பார்த்துத் தருகிறோம்.