கூண்டுப் பறவையும் குளிர்காலமும்

மனிதன் தன் மகிழ்ச்சியின்பொருட்டு ஓர் உயிரைக் கூண்டில் அடைப்பானாயின், அவ்வுயிர் தானே தேடிக்கொள்ளக்கூடிய பாதுகாப்பு அனைத்தையும் அவனே தேடித்தரக் கடமைப்பட்டவனாகின்றான். காட்டுப் பறவை குளிர் மிகுந்தால் புதருள் ஒதுங்கும், வெயிலை நாடும், தன் இனத்தோடு நெருங்கி உறங்கும். கூண்டுப் பறவையோ நாம் வைத்த இடத்திலேயே இருத்தல் வேண்டும். ஆதலின் குளிர்காலத்தில் அதனைக் காக்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் வீடுதோறும் பெரிதும் வளர்க்கப்படுவன கானரிக் குருவியும், பட்ஜரிகர் என்னும் சிறு கிளியுமாம். முன்னது அட்லாண்டிக் கடலின் தீவுகளுக்கு உரியது. பின்னது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வெளிகளுக்கு உரியது. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பறவை நூலறிஞர் அதனை உயிரோடு இங்கிலாந்திற்குக் கொணர்ந்தார். நம் நகரங்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே.

பறவையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 40 முதல் 42 பாகை சென்டிகிரேடு. அஃதாவது நம் உடலினும் மிக்கது. பட்ஜரிகரின் எடையோ 30 அல்லது 40 கிராம் அளவே. உடல் சிறிதாகுந்தோறும் அதன் பருமனை நோக்க மேற்பரப்பு மிகுதலால், வெப்பமும் விரைந்து வெளியேறும். இவ்விழப்பை ஈடுசெய்ய இயற்கை அதற்கு இரண்டு துணைகளை அளித்துள்ளது. ஒன்று இறகுப் போர்வை. பறவை இறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளும்பொழுது அவற்றினிடையே காற்று அடைபட்டு நின்று, வெப்பத்தை வெளியே செல்லவொட்டாமல் தடுக்கின்றது. மற்றொன்று உணவு. தின்ற தானியமே அதன் உடலாகிய அடுப்பிற்கு விறகாகும்.

இவ்விரண்டையும் கெடாமற் காப்பதே முறையின் சாரம். கூண்டைச் சன்னலருகிலும் வாயிற்கு நேராகவும் வைத்தல் ஆகாது. வீசுங் காற்று இறகினிடை நின்ற வெதுவெதுப்பைக் கவர்ந்து செல்லும். காற்றோட்டமில்லாத உலர்ந்த இடத்தில், நலமுள்ள பறவை படிப்படியாய்ப் பழகிய குளிரைத் தாங்கவல்லது. திடீரென்று ஏறி இறங்கும் வெப்பநிலையே அதனை வாட்டும். இரவில் கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மூடி ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தல் நலம். நனைந்த இறகு காவாது. ஆகையால் நீராட்டைக் காலைப்பொழுதிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

உணவைக் குறித்து ஒரு செய்தி பலரால் நினைக்கப்படுவதில்லை. இப்பறவைகள் இருளில் இரை தேடா. மார்கழித் திங்களில் இலண்டன் நகரத்துப் பகற்பொழுது 8 மணி நேரத்திற்கும் குறைவு. எஞ்சிய நீண்ட இரவு முழுவதும் அச்சிறு உயிர் பகலில் தின்றதைக்கொண்டே வெப்பங் காக்க வேண்டும். ஆகவே மாலையில் விளக்கேற்றிப் பகலைச் சற்று நீட்டித்து, தினை முதலிய தானியங்களை நிரம்ப இடுதல் கம்பளம் போர்த்துவதினும் பெருநன்மை தரும்.

இனி, அன்பினாலே நேரக்கூடிய அபாயத்தைக் கூறுவோம். குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பையோ புகைபோக்கியில்லாக் கணப்பையோ மூடிய அறையில் ஏற்றி வைப்பாருமுளர். உதகை, கோடைக்கானல் போன்ற நம் மலைநகரங்களில் வாழ்வோரும் இதனைக் கருத்திற் கொள்ளத்தக்கது. குறைவாய் எரியுங் கரியினின்று கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுவாயு எழும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையாய் இடையறாது செல்லும். மூச்சை வாங்கும்பொழுதும் விடும்பொழுதும் புதுக்காற்று அதனுட் பாயும். பறத்தற்கு வேண்டிய பிராணவாயுவைத் தரும் இவ்வமைப்பே நஞ்சையும் விரைவில் உட்கொள்ளச் செய்கின்றது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடல்நூலறிஞர், சுரங்கங்களில் நஞ்சுவாயுவை அறியச் சிற்றுயிர்களைக் கொண்டுசெல்லுமாறு கூறினார். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில், 1986இல் அவற்றிற்குப் பதிலாக மின்கருவிகளைக் கொள்ளத் தீர்மானிக்கும் வரையில், கானரிக் குருவிகள் இப்பணியில் இருந்தன. குருவி மயங்கி வீழ்ந்தமை கண்டு மனிதர் தம்முயிர் காத்தனர். அத்தகைய உயிரின் அருகே நாமே கரிநெருப்பை வைத்தல் எவ்வளவு பேதைமை! டெஃப்லான் பூசிய சமையற்கலங்கள் அளவுமீறிக் காய்ந்தால் எழும் ஆவியும் பறவைக்குக் கொடியதாகலின், கூண்டு அடுக்களைக்கு அண்மையில் இருத்தலாகாது. வெப்பம் வேண்டின், புகையற்ற மின்கணப்பைக் கூண்டிற்கு வெளியே ஒரு பக்கமாக வைத்தல் தகும். வெப்பம் மிகுந்தால் பறவை மறுபக்கம் விலக இடமும் இருத்தல் வேண்டும்.

இறுதியாக, குளிரையும் நோயையும் வேறு பிரித்தறிதல் அவசியம். இரவில் சிலிர்த்துறங்கும் பறவை காலையில் இறகை ஒடுக்கிக்கொண்டு சுறுசுறுப்பாய் இரை தின்னுமாயின் குறையில்லை. பகலிலும் சிலிர்த்தபடியே தூங்கி வழிந்து, மூச்சுக்குமூச்சு வால் அசைந்தாடுமாயின் அது நோயின் அடையாளம். அந்நிலையில் சுமார் 30 பாகை வெப்பமுள்ள அமைதியான இடத்தில் வைத்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை நாடல் வேண்டும்.

அன்பு மட்டும் அமைந்தால் நாம் குளிரைப் போக்கி உயிரையும் போக்கிவிடுதல் கூடும். அன்போடு அறிவும் சேர்ந்தவிடத்தே, கையடக்கமான அச்சிற்றுயிர் நெடிய பனிக்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் மீண்டும் பாடும்.